புத்தகத்துக்கு எந்த ஃபான்ட்? செரிஃப் எழுத்துகளுக்கு ஓர் அறிமுகம்

சேலத்து டிடிபி கடைகளில் அன்றாடம் ஓடும் வேலை கல்யாணப் பத்திரிகை, பில் புக், கோயில் நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி. இதற்கெல்லாம் ஃபான்ட் தேடுவது பெரிய விஷயமில்லை. பெயர் எடுப்பாகத் தெரிய வேண்டும், பார்த்தவுடன் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். புத்தகம் வரும்போதுதான் தடுமாற்றம். ஒருவர் உட்கார்ந்து இருநூறு பக்கம் படிக்கப் போகிறார். பத்திரிகையில் அழகாக இருந்த எழுத்து அங்கே பத்தாவது பக்கத்திலேயே கண்ணை உறுத்த ஆரம்பித்துவிடும்.

பக்க வடிவமைப்புக்குப் புதிதாக வந்தவர்களுக்காக எழுதுகிறேன். உதாரணத்துக்கு ஒரு வேலையை எடுத்துக்கொள்வோம். ஏற்காட்டில் தலைமுறைகளாகக் காபித் தோட்டம் வைத்திருக்கும் ஒரு குடும்பம், தோட்டத்தின் கதையைப் புத்தகமாகப் போட நினைக்கிறது. இடப் பக்கம் ஆங்கிலம், வலப் பக்கம் அதன் தமிழ். டெமி அளவு (ஏறக்குறைய ஐந்தரைக்கு எட்டரை அங்குலம்), லேசான மஞ்சள் சாயல் உள்ள நேச்சுரல் ஷேடு தாள். வீட்டுப் பெரியவர், “பழைய இங்கிலீஷ் புக் மாதிரி இருக்கணும் தம்பி” என்கிறார். அவர் கேட்பது செரிஃப் எழுத்தைத்தான். பெயர் தெரியாவிட்டாலும் அவர் கண்ணுக்கு அது பழக்கம்.

செரிஃப் என்றால் என்ன என்று புரிய ஒரு எழுத்து போதும். ஆங்கிலப் பெரிய ‘எல்’லை டைம்ஸ் நியூ ரோமனில் அடித்து 200 பாயிண்டுக்குப் பெரிதாக்குங்கள். நெடுக்குக் கோட்டின் உச்சியிலும் அடியிலும் சின்னதாக ஒரு குறுக்குக் கோடு நீட்டிக்கொண்டிருக்கும். படுக்கைக் கோட்டின் நுனி மேல்நோக்கித் திரும்பி முடியும். இந்த நுனி வேலைகளுக்குத்தான் செரிஃப் என்று பெயர். அதே எழுத்தை ஏரியலில் அடித்தால் இரண்டு கோடுகளும் மொட்டையாக முடியும். அது சான்ஸ் செரிஃப்.

இந்த நுனி எங்கிருந்து வந்தது? ரோமில் கி.பி. 113-ல் எழுப்பிய ட்ராஜன் தூணின் அடியில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. ஆங்கிலப் பெரிய எழுத்துகளின் செரிஃப் வடிவத்துக்கு இன்றும் அதைத்தான் மேல்வரிச் சட்டமாகக் காட்டுவார்கள். உளி முனையைச் சுத்தமாக நிறுத்துவதற்காகக் கல்தச்சர்கள் போட்ட வெட்டுதான் செரிஃப் என்று வெகுநாள் நம்பினார்கள். எட்வர்ட் கேட்டிச் என்ற அமெரிக்கப் பாதிரியார் இதை மறுத்து 1968-ல் ஒரு புத்தகம் எழுதினார். கல்லில் முதலில் தட்டைத் தூரிகையால் எழுதினார்கள், உளி அதைப் பின்தொடர்ந்தது, நுனி தூரிகை விட்டுப்போனது என்பது அவர் வாதம். அவர் பாதிரியாராவதற்கு முன் பெயர்ப்பலகை எழுதிய ஆள். எனக்கு அவர் சொல்வதுதான் சரியாகப் படுகிறது. ஃப்ளெக்ஸ் வருவதற்கு முன் செவ்வாய்ப்பேட்டைக் கடைகளுக்குப் பலகை எழுதியவர்களைப் பார்த்தவர்களுக்கும் அப்படித்தான் படும். தட்டைத் தூரிகையைக் கீழே இழுத்துவந்து அப்படியே எடுத்தால் அடி பிசிறடிக்கும். அதனால் கடைசியில் கையை லேசாகத் திருப்பி, பக்கவாட்டில் ஒரு இழுப்பு இழுத்துத்தான் எடுப்பார்கள்.

சின்ன எழுத்துகளின் கதை வேறு. அவை பேனாவில் பிறந்தவை. இத்தாலியில் 15-ஆம் நூற்றாண்டுப் படியெடுப்பாளர்கள் அகல முனைப் பேனாவைச் சாய்த்துப் பிடித்து எழுதினார்கள். அப்படிப் பிடித்தால் ஒரு திசையில் கோடு தடிக்கும், இன்னொரு திசையில் மெலியும். வெனிஸில் நிக்கோலா ஜென்சன் 1470-ல் ஈயத்தில் வார்த்த எழுத்துகள் அந்தக் கையெழுத்தின் நகல்தான்.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். புதியவர்கள் எல்லோரும் செரிஃபையே உற்றுப் பார்ப்பார்கள். ஒரு புத்தக எழுத்தின் குணம் பாதிக்கு மேல் அந்தத் தடிப்பு மெலிவில்தான் இருக்கிறது. சின்ன ‘ஓ’வைப் பெரிதாக்கிப் பாருங்கள். கேரமாண்ட் என்ற ஃபான்டில் வளையம் மெலியும் இரண்டு இடங்களும் கடிகாரத்தில் பதினொன்றும் ஐந்தும் இருக்கும் பக்கமாக விழும். அந்த இரண்டையும் கோடு போட்டு இணைத்தால் சாய்ந்த கோடு வரும். பேனாவின் சாய்வு அது. இப்படிப்பட்டவற்றை ஓல்டு ஸ்டைல் என்பார்கள். பாரிஸில் இருந்த கிளாட் கேரமாண்டின் எழுத்துகள், வெனிஸில் பதிப்பாளர் ஆல்டஸ் மனுஷியஸுக்காக ஃபிரான்செஸ்கோ கிரிஃபோ வெட்டியவை, லண்டன் வில்லியம் காஸ்லனுடையவை எல்லாம் இந்த வகை. கேரமாண்ட் இறந்தது 1561-ல். அதற்குப் பதினேழு வருடம் கழித்து, 1578-ல், கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ தமிழ் எழுத்தில் அச்சாகிவிட்டது. தமிழ் அச்சு ஏதோ நேற்று வந்தது என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்லிவைக்கிறேன்.

அடுத்தது பாஸ்கர்வில். பர்மிங்காமில் ஜான் பாஸ்கர்வில் எழுத்தை மட்டும் மாற்றவில்லை. தாளை வழவழப்பாக்கினார், மையைக் கறுப்பாக்கினார், அச்சடித்த தாளைச் சூடான தகடுகளுக்கு நடுவே வைத்து அழுத்தினார். அதனால்தான் 1757-ல் அவர் போட்ட லத்தீன் கவிஞர் வர்ஜிலின் பதிப்பில் மெல்லிய கோடுகள் துல்லியமாக விழுந்தன. அவருடைய ‘ஓ’வில் சாய்வு ஏறக்குறைய நிமிர்ந்துவிடும், தடிப்புக்கும் மெலிவுக்கும் வித்தியாசம் கூடும். அந்த வித்தியாசத்தை எல்லை வரை கொண்டுபோனவர்கள் 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்த பிரான்ஸின் டிடோ குடும்பத்தாரும் இத்தாலியின் போடோனியும். அவர்களுடைய எழுத்தில் மெலிந்த கோடு மயிரிழைதான். செரிஃபும் வளைவில்லாமல் நேர் கோடாக ஒட்டிக்கொண்டிருக்கும். ஃபேஷன் பத்திரிகைத் தலைப்புகளில் பார்ப்பீர்களே, அது.

நம் பெரியவரின் புத்தகத்துக்கு எது? ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்குக் காபியைக் கொண்டுவந்தவர் 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்பார்கள். தோட்டம் தொடங்கிய காலத்து எழுத்துதான் வேண்டும் என்று சரித்திர நியாயம் பார்த்தால், அப்போது இங்கிலாந்தில் செல்வாக்கோடு இருந்தது போடோனி சாயல் எழுத்துகள்தான். ஆனால் அதைப் போட்டு இருநூறு பக்கம் படிக்க வைப்பது பாவம். நேச்சுரல் ஷேடு தாள் கொஞ்சம் சொரசொரப்பு, மையை உறிஞ்சும். பத்துப் பாயிண்டில் மயிரிழைக் கோடு அங்கங்கே அறுந்துபோகும், தடித்த கோடுகள் மட்டும் வேலிக் கம்பி போலத் தனித்து நிற்கும். அட்டைக்கும் அத்தியாயத் தலைப்புக்கும் போடோனியை வைத்துக்கொள்ளலாம். உள்ளே ஓல்டு ஸ்டைல் அல்லது பாஸ்கர்வில்.

தாளுக்கும் எழுத்துக்கும் உள்ள இந்த உறவு புதியவர்களுக்கு எளிதில் பிடிபடாது. பெம்போ என்ற ஃபான்டை வைத்துச் சொல்கிறேன். ஆல்டஸ் 1495-ல் பயன்படுத்திய எழுத்தை மாதிரியாக வைத்து மோனோடைப் கம்பெனி 1929-ல் உலோகத்தில் செய்தது. இங்கிலாந்தில் எத்தனையோ புத்தகங்கள் அதில் வந்தன. உலோக எழுத்தைத் தாளில் அழுத்தும்போது மை ஓரங்களில் கொஞ்சம் பரவும். வெட்டுகிறவர்கள் அந்தப் பரவலுக்கும் சேர்த்து இடம் விட்டு, எழுத்தை ஒல்லியாகவே வெட்டுவார்கள். பின்னால் கம்ப்யூட்டருக்கு மாற்றியபோது மை பரவாத அந்த ஒல்லி வடிவம்தான் வந்தது. ஆஃப்செட்டில் அடித்தால் பக்கம் வெளிறிக் கிடந்தது. பல வருடம் வடிவமைப்பாளர்கள் புலம்பித் தீர்த்த பிறகு 2005-ல் பெம்போ புக் என்று சதைப்பிடிப்பாக ஒன்றை மோனோடைப்பே வெளியிட்டது. ஆக, ஃபான்டின் பெயர் ஒன்றாக இருப்பதால் பழைய புத்தகத்தில் பார்த்த பக்கம் அப்படியே கிடைத்துவிடாது. திரையில் பார்த்து முடிவு செய்வதும் வீண். எந்தத் தாளில் அடிக்கப் போகிறீர்களோ அதில் ஒரு பக்கம் ப்ரிண்ட் எடுத்துப் பாருங்கள். லேசர் ப்ரிண்டரில் கொஞ்சம் கறுப்பாகவே விழும், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

எடுத்த பக்கத்தை எப்படிப் பார்ப்பது? கையை நீட்டிப் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். வார்த்தைகள் மறைந்து பத்தி ஒரு சாம்பல் கட்டமாகத் தெரியும். அந்தச் சாம்பல் ஒரே சீராக இருக்கிறதா? கறுப்புத் திட்டுகளும் வெள்ளைச் சந்துகளும் ஓடுகின்றனவா? நல்ல புத்தக எழுத்துக்கு இதுதான் பரீட்சை. தனியாகப் பார்க்கும்போது மயக்குகிற எழுத்து பத்தியில் ஒட்டாமல் துருத்திக்கொண்டிருக்கும். பத்தியில் கண் நிற்காமல் ஓடுகிற எழுத்து தனியாகப் பார்த்தால் சப்பென்று இருக்கும். எனக்கு இரண்டாவதுதான் வேண்டும்.

டைம்ஸ் நியூ ரோமனை ஏன் போடக்கூடாது என்று கேட்பீர்கள். போடக்கூடாது என்று சட்டமில்லை. லண்டன் டைம்ஸ் நாளிதழுக்காக ஸ்டான்லி மோரிசன் மேற்பார்வையில் விக்டர் லார்டென்ட் வரைந்தது. 1932 அக்டோபர் 3 இதழில் அறிமுகமானது. குறுகிய பத்தியில் நிறைய வார்த்தைகளை அடைப்பதுதான் அதற்குக் கொடுத்த வேலை. அதைப் புத்தக அகலத்துக்கு விரித்தால் ஒரு வரியில் அளவுக்கு மேல் எழுத்துகள் நெருங்கி, வரி முடிந்து அடுத்த வரியைப் பிடிப்பதற்குள் கண் திணறும். அப்புறம் வேர்டில் பல வருடம் தானாக வந்து உட்கார்ந்த ஃபான்ட் என்பதால், அதைப் பார்த்தாலே வக்கீல் நோட்டீஸ் ஞாபகம் வருகிறது. இது அந்த ஃபான்டின் குற்றம் இல்லைதான்.

செரிஃப் இருந்தால் கண் வரியோடு வழுக்கிக்கொண்டு போகும், அதனால் படிப்பது சுலபம் என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். நம்பிவிடாதீர்கள். செரிஃபா, செரிஃப் இல்லாததா என்று ஒப்பிட்ட ஆய்வுகளில் தெளிவான வெற்றி இரண்டு பக்கமும் கிடைக்கவில்லை. அளவு, வரி நீளம், வரிகளுக்கு நடுவே விடும் இடம், இவைதான் அதிகம் வேலை செய்கின்றன. செரிஃபுக்குச் சாதகமாக நான் சொல்வது இரண்டே காரணம். ஆங்கிலப் புத்தகம் என்றால் இந்த எழுத்துதான் என்று வாசகர் பழகிவிட்டார். இன்னொன்று, நல்ல செரிஃப் குடும்பங்களோடு புத்தகத்துக்கு வேண்டிய உதிரிகளும் சேர்ந்து வரும்.

உதிரி என்றால் இட்டாலிக்கும் எண்களும். இட்டாலிக் என்பது சாய்த்த எழுத்து மட்டும் இல்லை. ஆல்டஸ் 1501-ல் கையடக்கப் புத்தகங்களுக்காக கிரிஃபோவைக் கொண்டு வெட்டவைத்த தனி எழுத்து அது. கேரமாண்டில் சின்ன ‘ஏ’வைச் சாதாரணத்திலும் இட்டாலிக்கிலும் அடித்துப் பாருங்கள், வடிவமே வேறாக இருக்கும். மென்பொருள் தானாகச் சாய்த்துக் கொடுப்பதை இட்டாலிக் என்று ஏமாறாதீர்கள். எண்களிலும் இரண்டு வகை உண்டு. எல்லாம் பெரிய எழுத்து உயரத்துக்கு நிற்பது ஒன்று, அட்டவணைக்கும் விலைப் பட்டியலுக்கும் ஏற்றது. இன்னொன்று பழைய பாணி. அதில் 1820 என்று அடித்தால் 1, 2, 0 மூன்றும் சின்ன எழுத்துகளின் உயரத்தில் அடங்கிவிடும், 8 மட்டும் தலை தூக்கும். 1957 என்றால் 1 தவிர மற்றவை வரிக்குக் கீழே இறங்கும். எஸ்டேட் வரலாற்றில் பக்கத்துக்குப் பத்து வருடக் கணக்கு வரும். நான்கு நான்காக நிமிர்ந்த எண்கள் பத்தி முழுக்க முட்டிக்கொண்டு நிற்காமல் இருக்க, பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனின் ஓப்பன்டைப் மெனுவில் பழைய பாணி எண்களைத் தேர்ந்தெடுங்கள். சில ஃபான்ட்களில் அது இருக்காது.

இதுவரை சொன்னது ஆங்கிலப் பக்கம். வலது பக்கத்தில் தமிழ் உட்கார்ந்தவுடன் கணக்கு மாறுகிறது.

தமிழ் எழுத்து அகல முனைப் பேனாவில் வளர்ந்ததில்லை. ஓலையில் எழுத்தாணியால் கீறி வந்தது. எழுத்தாணிக்குத் தடிப்பு மெலிவு தெரியாது, எந்தப் பக்கம் இழுத்தாலும் கோடு ஒன்றுதான். தடிப்பு மெலிவு அச்சோடு சேர்ந்து வந்த பழக்கம். செரிஃப் என்று பெயர் போட்டு வரும் தமிழ் ஃபான்ட்களில் பெரும்பாலும் நீங்கள் பார்ப்பது அந்தக் கோட்டு வேறுபாட்டையும் கொஞ்சம் நுனி வேலையையும்தான். அதனால் ஆங்கில செரிஃபுக்குத் துணையாகத் தமிழில் கால் முளைத்த எழுத்தைத் தேடி அலைய வேண்டாம். தடிப்பு மெலிவு உள்ளதாகப் பார்த்தால் போதும். நோட்டோ செரிஃப் தமிழ் இருக்கிறது. டைரோ தமிழ் இருக்கிறது, அது இலக்கியப் புத்தகங்களை மனதில் வைத்தே செய்தது. இரண்டுமே இலவசம், புத்தகம் போட்டு விற்கலாம், உரிமச் சிக்கல் கிடையாது. நான் டைரோவைத்தான் எடுப்பேன், பத்தியில் அது அமைதியாக இருக்கிறது.

அளவுப் பிரச்சினை அடுத்தது. இரண்டு பக்கத்துக்கும் 11 பாயிண்ட் என்று கொடுத்தால் இரண்டும் ஒரே அளவில் தெரியாது. ஆங்கிலத்தில் ‘எக்ஸ்’ போன்ற சின்ன எழுத்தின் உயரத்தையும் தமிழில் ‘ப’, ‘ட’, ‘ம’ எழுத்துகளின் உயரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கேரமாண்டின் சின்ன எழுத்து ரொம்பவே குட்டை. தமிழ் ‘ப’ அதைவிட நன்றாக உயர்ந்து நின்று, வலப் பக்கம் கத்துவது போலவும் இடப் பக்கம் முணுமுணுப்பது போலவும் ஆகிவிடும். தமிழைக் குறைத்தால் ‘ணு’, ‘ஞ’, ‘ழூ’ போன்றவற்றின் சுழிகள் அடைத்துக்கொள்ளும். ஆங்கிலத்தை ஏற்றினால் பெரிய எழுத்துகள் பூதாகாரமாகும்.

இன்னொரு தலைவலி நீளம். ஆங்கிலத்தில் ஒரு பக்கத்தில் முடிந்த விஷயம் தமிழில் ஒன்றேகால் பக்கத்துக்கு ஓடும். நம் எழுத்துகள் அகலம். வார்த்தைகளும் நீளம். கேரமாண்ட் இடத்தைச் சிக்கனமாகப் பிடிக்கிற எழுத்து, இந்த இடைவெளியை இன்னும் அதிகமாக்கும்.

எனவே இந்த வேலைக்கு என் தீர்ப்பு பாஸ்கர்வில். அது இயல்பிலேயே அகலமான எழுத்து. இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே பாஸ்கர்வில்லைத் திரைக்காகச் செய்ததால் சின்ன எழுத்துகள் இன்னும் உயரம், இன்னும் அகலம், கோட்டு வேறுபாடும் கொஞ்சம் அடக்கம். தனி ஆங்கிலப் புத்தகமாக இருந்தால் அதைப் போட நான் யோசிப்பேன், இடத்தை அவ்வளவு தின்னும். தமிழுக்கு எதிரே வைக்கும்போது அந்தக் குறையே உதவிக்கு வருகிறது. உயரம் ஒத்துப்போகிறது, ஆங்கிலம் கொஞ்சம் பரந்து ஓடி இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே இடத்தில் முடிகின்றன. பெரியவருக்கும் பழைய இங்கிலீஷ் புக் கிடைத்துவிடும்.

அமைப்பில் சில விஷயங்கள். வரி இடைவெளியைத் தமிழை வைத்து முடிவு செய்யுங்கள். மேலே விசிறி, கீழே சுழி என்று இரண்டு பக்கமும் நீளும் எழுத்து அது, 11 பாயிண்டுக்கு 15 கொடுத்தால் மூச்சு விடும். ஆங்கிலத்தின் அளவு எதுவாக இருந்தாலும் அதற்கும் அதே 15-ஐக் கொடுங்கள், எதிரெதிர் வரிகள் ஒரே மட்டத்தில் நிற்கும். டெமி பக்கத்தில் ஓரம் போக நான்கு அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடக் குறைய மிஞ்சும். தமிழை இருபுறமும் சமப்படுத்தினால் ‘வைத்திருந்தவர்களுக்கெல்லாம்’ போன்ற ஒரு வார்த்தை அடுத்த வரிக்குத் தாவி, முந்தைய வரி பல்விழுந்து கிடக்கும். வார்த்தையை எழுத்தெல்லையில் உடைக்க அனுமதியுங்கள், தமிழ்ப் புத்தகங்களில் அது வழக்கம்தான். உடைக்க மனமில்லை என்றால் வலப்புறத்தை ஒழுங்கில்லாமல் விட்டுவிடுங்கள். புத்தகப் பெயர்களை ஆங்கிலத்தில் இட்டாலிக்காகவும் தமிழில் ஒற்றை மேற்கோளுக்குள்ளும் கொடுங்கள். தமிழைச் சாய்க்காதீர்கள், ‘ழ’வும் ‘ஜ’வும் வழுக்கி விழுவது போல இருக்கும்.

இன்டிசைனில் பத்தி அமைப்புக்குள் போய் வேர்ல்டு ரெடி கம்போசரைப் போட்டுவிட்டு ஆரம்பியுங்கள். இல்லாவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். தமிழ்ப் பிரதி பாமினி என்ற பழைய ஃபான்டில் வந்திருந்தால் பக்கத்தில் கொட்டுவதற்கு முன்பே யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். பாமினியில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில்தான் தமிழ் வடிவங்கள் உட்கார்ந்திருக்கின்றன, ஃபான்டை மாற்றினால் முழுப் பக்கமும் ஆங்கிலக் கிறுக்கலாகிவிடும். அதே காரணத்தால், மாற்றும்போது நடுவில் இருந்த ஆங்கிலப் பெயர்கள் தமிழ்க் கிறுக்கலாகும். எஸ்டேட் பெயர், துரைமார் பெயர், மேற்கோள் குறிகள், அடைப்புக்குறிகள், ‘ஸ்ரீ’ இவற்றை மட்டும் மூலப் பிரதியோடு வைத்து ஒருமுறை மெய்ப்புப் பாருங்கள். அச்சகத்துக்குப் பிடிஎஃப் அனுப்பும்போது இரண்டு ஃபான்ட்களும் கோப்புக்குள்ளேயே பதிந்திருக்கின்றனவா என்று அக்ரோபேட்டின் ஆவண விவரத்தில் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.